சிசேரியனுக்குப் பின் பால் கொடுத்த முதல் வாரம்

குழந்தை தலை திரும்பாமல் இருந்ததால், 39-ஆவது வாரத்தில் நாள் குறித்து எனக்குச் சிசேரியன் செய்தார்கள். மறுநாள் வரை பால் சுரந்ததாகவே தெரியவில்லை. புட்டிப்பால் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, சிசேரியனுக்குப் பின் பால் நிறைந்து வர மூன்று, நான்கு நாள்கூட ஆகலாம் என்றும், அதுவரை வரும் சில சொட்டுச் சீம்பாலே குழந்தையின் சின்ன வயிற்றுக்குப் பெரும்பாலும் போதும் என்றும் செவிலியர் ஒருவர் விளக்கினார். கையால் மெல்லப் பீய்ச்சியபோது கரண்டியின் அடியில் மஞ்சளாகப் படிந்த அந்தச் சீம்பாலைப் பாலாடை என்ற மூக்குள்ள சிறு கிண்ணத்தில் எடுத்துப் புகட்டினேன்.

உண்மையான சிக்கல் தையல்தான். மடியில் கிடத்தினால் குழந்தையின் கால் தையலில் உதைக்கும். நான் வலியில் பின்வாங்க, அவள் வாய் நழுவிக் காம்பின் நுனியை மட்டும் கவ்வியதில் காம்பு வெடித்துவிட்டது. பக்கவாட்டில் இரண்டு தலையணை அடுக்கி, குழந்தையை என் அக்குளுக்குக் கீழே, கால்கள் முதுகுப் பக்கம் போகுமாறு வைத்து, பிடரியை உள்ளங்கையில் தாங்கிக்கொண்ட பிறகே நிலைமை மாறியது. அவள் வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்திருந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவளையமும் உள்ளே போகுமாறு சேர்த்தணைத்தேன். இந்தப் பிடியை முதல் நாளே யாராவது காட்டியிருக்கலாம்!

இரவில் ஒருக்களித்துப் படுத்தபடி கொடுத்தேன். ஒரு நாளில் பத்து முறையாவது பால் கொடுத்தேன். நான்காம் நாள் மார்பு கனத்தது. ஆறாம் நாள் எண்ணியபோது, குழந்தையின் சிறுநீரில் ஏழு துணிகள் நனைந்திருந்தன; பால் போதுகிறது என்று நிம்மதியானேன்.