மின்தடை குறைந்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள்

சிங்கப்பூருக்கு ஆய்வு மாணவனாக வந்த முதல் ஆண்டு. டாண்டலம் ஆர்சனைடு படிகத்தில் மின்னோட்டம் பாயும் திசையிலேயே காந்தப்புலத்தைச் செலுத்தினேன். 2 கெல்வினில் மின்தடை சரசரவென்று இறங்கியது. அன்றிரவே கட்டுரைக்குத் தலைப்பு எழுதிவிட்டேன். மறுநாள் கேண்டீனில் கோப்பி ஓ குடித்தபடி வரைபடத்தைப் பார்த்த அக்கா ஒருவர், எங்கள் குழுவில் மூத்தவர், ஒன்றே ஒன்று கேட்டார்: “தம்பி, வயரை எங்கே ஒட்டினாய்?”

நான் துள்ளியதற்குக் காரணம் உண்டு. இத்தகைய புலத்தில் வைல் எலக்ட்ரான்கள் (நிறையே இல்லாத துகள் போல ஓடுபவை) ஒரு கைத்தன்மையிலிருந்து (இடக்கை, வலக்கை என்ற இரு வகை) மற்றொன்றுக்கு மாறுவதால் மின்தடை குறையும் என்று இயற்பியலாளர்கள் நீல்சனும் நினோமியாவும் 1983இலேயே கணித்தார்கள். டாண்டலம் ஆர்சனைடு வைல் அரை உலோகம், அதாவது அத்தகைய எலக்ட்ரான்கள் உள்ள பொருள், என்பது 2015இல் உறுதியானது. இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றுவது இயல்பு. அங்கேதான் சறுக்குகிறோம்.

நுண்ணோக்கியில் பார்த்தேன். படிகத்தின் முனையில் வெள்ளிப் பசை கடுகளவு ஒட்டியிருந்தது. மின்னழுத்த வயர்களோ மேல் ஓரத்தில். எலக்ட்ரான்கள் வெகு எளிதாக ஓடும் படிகங்களில், புலம் ஏற ஏறக் குறுக்கே பாய்வது கடினமாகிறது. மின்னோட்டம் கடுகிலிருந்து கடுகுக்கு ஒரே தாரையாக நடுவில் பாய்ந்துவிடும். ஓரத்து வயர் கடைமடை விவசாயி மாதிரி: ஆறு நிறைந்து ஓடினாலும் அவர் வயலுக்குத் தண்ணீர் எட்டாது. மின்னழுத்தம் குறைகிறது, நாமோ மின்தடை குறைந்ததாகக் கணக்கெழுதுகிறோம்.

ஆகவே மின்னோட்ட இணைப்பு முனை முகம் முழுவதையும் மூட வேண்டும். படிகம் நீண்டு மெலிந்திருக்கட்டும். மின்னழுத்தத்தை நடுவிலும் இரு ஓரங்களிலும் தனித்தனியாக அளந்து ஒப்பிடுங்கள்.

புலத்தைத் திருப்பிப்போட்டு அளக்காமல் விடுவதும் தவறுதான். காந்தப்புலத்தால் குறுக்கே எழும் ஹால் மின்னழுத்தம் கலந்துவிடும். புலம் ஏறும்போது மின்தடை காட்டும் அலைவுகளிலிருந்து பெர்ரி கட்டத்தை (எலக்ட்ரான் அலை ஒரு சுற்று முடிக்கையில் பெறும் கூடுதல் கட்டம்) கணக்கிடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின்தடையின் பள்ளமும் மின்கடத்தலின் பள்ளமும் எப்போதும் ஒரே இடத்தில் விழுவதில்லை. பள்ளங்களுக்கு வரிசை எண் இடுவதில் அரை பிசகினால் சாதாரண எலக்ட்ரானும் வைல் எலக்ட்ரானின் உறவினரான டிராக் எலக்ட்ரானாக வேடம் போட்டுவிடும். பதினைந்தாம் பள்ளத்திலிருந்து பூஜ்யம் வரை கோடு இழுத்து முடிவு சொல்பவர்களை நான் நம்புவதே இல்லை.

அந்தப் படிகத்துக்குப் புதிதாக வயர்களை ஒட்டி மறுபடி அளந்தேன். ஒரு ஜோடியில் மின்தடை இறங்கியது, பக்கத்து ஜோடியில் ஏறியது. தலைப்பு மட்டும் இன்னும் நோட்டில் இருக்கிறது.