குடும்பப் படகுப் பயணத்துக்குத் துறை தேர்ந்தெடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களிலிருந்து கடலுக்குப் போக நினைக்கும் குடும்பங்களில் பலர் பேராக் மாநிலக் கடற்கரை நகரான லூமுட்டையே நாடுகின்றனர். ஈப்போவைக் கடந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வேனில் வந்து, பாட்டி தாத்தா முதல் கைக்குழந்தை வரை மூன்று தலைமுறையினரும் ஒன்றாகப் படகேறுகின்றனர். ஆனால், எந்தத் துறையில் ஏறுவது என்பதை வேன் நிறுத்தும் வசதி, படகுக் கட்டணம் ஆகிய இரண்டை மட்டும் விசாரித்து முடிவு செய்துவிடுகின்றனர். ஏறும் நேரத்தை மட்டும் எண்ணித் துறையைத் தேர்ந்தெடுப்பதே முதல் தவறு. மற்றத் தவறுகளுள் பல அதிலிருந்துதான் பிறக்கின்றன. திரும்பி வந்து இறங்கும் வேளையில் அந்தத் துறை எப்படி இருக்கும் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

மலாக்கா நீரிணையில் நாளொன்றுக்கு இரு முறை நீர் ஏறி இரு முறை வற்றுகிறது. ஒரு முறை முழுமையாக ஏறிய நீர் முழுமையாக வற்ற ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். ஆகவே, காலை ஒன்பது மணிக்கு நீர் நிறைந்திருக்கும் துறையில் எளிதாகக் காலெடுத்து வைத்துப் படகேறிய குடும்பம், பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பும்போது அதே துறையில் நீர் மிகவும் இறங்கியிருப்பதைக் காணும். அமாவாசை, பௌர்ணமி நாள்களிலும் அவற்றை அடுத்த ஓரிரு நாள்களிலும் இந்த ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாக இருக்கும். கிள்ளான் துறைமுகப் பகுதியில் அது ஏறக்குறைய நான்கு மீட்டரை எட்டும். லூமுட்டில் அதைவிடக் குறைவு என்றாலும், முதியவர் ஒருவர் படகிலிருந்து மேலே ஏறுவதைக் கடினமாக்க அது போதும். அமாவாசை, பௌர்ணமி நாள்களை அறிய வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே நல்ல வழிகாட்டி. மாசி மகத்தையொட்டி, லூமுட்டுக்கு எதிரேயுள்ள பங்கோர் தீவின் பத்ரகாளியம்மன் ஆலயத்துக்குச் செல்வோர் இதைக் கட்டாயம் கருத்தில் கொள்ள வேண்டும். அந்நாள் பௌர்ணமியை ஒட்டி வருவதால், கூட்டமும் பெரிய நீரிறக்கமும் ஒன்றாகவே வருகின்றன.

இதனால்தான், துறையில் மிதவை மேடை உண்டா என்ற கேள்வியை மற்ற எல்லா வசதிகளுக்கும் மேலாக வைக்கிறேன். மிதவை மேடை நீரோடு ஏறி நீரோடு இறங்குவதால், மேடைக்கும் படகுக்கும் இடையிலான உயரம் எந்நேரமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். கரையையும் மேடையையும் இணைக்கும் நடைபாலம் நீர் வற்றும்போது செங்குத்தாகச் சாயும் என்பது உண்மைதான். ஆயினும் அதில் கைப்பிடி இருந்தால் மெதுவாக நடந்து ஏறிவிடலாம். கற்படிகளோ கான்கிரீட் படிகளோ மட்டும் உள்ள துறையில் நிலைமை வேறு. நீருக்குள் மூழ்கிக் கிடந்த கீழ்ப்படிகள் பாசி படிந்து வழுக்கும். ஆடும் படகிலிருந்து அவற்றில் கால் வைப்பது இளைஞர்களுக்கே எளிதன்று. பல ஆண்டுகள் பால் மரம் வெட்டித் தேய்ந்த முழங்கால்களோடு, புடவை தடுக்க, ஒரு பாட்டியை அங்கே ஏறச் சொல்வது நியாயமே இல்லை. சில ரிங்கிட் கூடுதலாகக் கேட்டாலும் மிதவை மேடையுள்ள மரினாவையே (படகுகள் நிறுத்தும் துறையையே) தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, இரண்டு துறைகளை ஒன்றெனக் கருதும் குழப்பம். பங்கோர் தீவுக்கு லூமுட் நகரத் துறையிலிருந்தும் படகு உண்டு, தெலுக் மூரோ அருகே கடலை நிரப்பி உருவாக்கப்பட்ட மரினா ஐலண்டிலிருந்தும் உண்டு. இரண்டாவது வழியில் கடற்பயணம் சிறிது நேரமே என்பதால், கடலில் குமட்டல் வரும் பிள்ளைகளுக்கு அது ஏற்றது. ஆனால், ஒரு துறையில் வேனை நிறுத்திவிட்டு மற்றொன்றில் வந்து இறங்கினால் அலைச்சல்தான் மிஞ்சும். சீட்டு வாங்கும்போதே, திரும்பும் படகு எந்தத் துறைக்கு வரும், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வானிலையைப் பொறுத்தவரை, துறைக்கு முன்னுள்ள கடல் அமைதியாக இருப்பதை வைத்துப் பயணம் முழுவதையும் கணித்துவிடக் கூடாது. லூமுட் பக்கத்துக் கடலுக்குப் பங்கோர் தீவே அரணாக நிற்கிறது. தீவின் மறுபக்கத்தில் உள்ள பாசிர் போகாக், தெலுக் நிப்பா ஆகியவையோ திறந்த நீரிணையை நோக்கியவை. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் தாக்கும். பருவமழை மாறும் காலங்களில் இடி மழை பிற்பகலில் திரளும். வானிலைத் துறையின் எச்சரிக்கை வந்தால் கட்டணத்தைத் திருப்பித் தரவோ பயண நாளை மாற்றவோ இணங்கும் படகுக்காரரைத் தேர்வது நல்லது. முன்பணம் போய்விடுமே என்ற தயக்கம்தான் பலரைக் கொந்தளிக்கும் கடலுக்குள் தள்ளுகிறது.

படகை வாடகைக்கு எடுப்போர், அதன் உரிமத்தில் எத்தனை பயணிகளுக்கு அனுமதி என்று கேட்க வேண்டும். மடியில் இருக்கும் குழந்தையும் அந்தக் கணக்கில் ஓர் ஆள் என்றே கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கி இருக்கிறது என்ற பதிலோடு நின்றுவிடாமல், பிள்ளைகளின் அளவில் இருக்கிறதா என்பதைத் துறையிலேயே அணிவித்துப் பாருங்கள். வார்களை இறுக்கிக் கட்டியபின், அங்கியின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கும்போது அது பிள்ளையின் காது வரை நழுவினால், அந்த அங்கி தண்ணீரில் காப்பாற்றாது. பொருந்தும் அங்கி அந்தத் துறையில் கிடைக்கவில்லையெனில் வேறு துறைக்குச் செல்லுங்கள். அல்லது அளவான அங்கியை முன்கூட்டியே வாங்கி வேனில் எடுத்து வாருங்கள்.