பேரிடர் முன்னெச்சரிக்கை அமைப்பை வகுப்பது எப்படி? சேர்வராயன் மலையிலிருந்து ஒரு வழிகாட்டி

நாடு முழுவதற்குமான முன்னெச்சரிக்கை அமைப்பு என்றாலே, பெரும்பாலான திட்ட அறிக்கைகள் செயற்கைக்கோளில் தொடங்கி, ரேடார், கட்டுப்பாட்டு அறை என்று படிப்படியாக இறங்கி, கடைசிப் பக்கத்தில் 'பொதுமக்களுக்குத் தகவல் தெரிவிக்கப்படும்' என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகின்றன. திட்டமிடுபவர் அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. சேலம் மாவட்டத்தில் சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டில் ஒரு சரிவின் கீழே இருக்கும் வீட்டில் உள்ளவர்கள், நள்ளிரவில் எழுந்து, நடக்க முடியாத முதியவரைத் தூக்கிக்கொண்டு, பாதுகாப்பான கட்டடத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது தெரிந்த பிறகுதான், எத்தனை மழைமானிகள் வேண்டும், ரேடார் எங்கே வேண்டும், யாருக்கு எந்த அதிகாரம் வேண்டும் என்பதை முடிவு செய்ய முடியும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

சட்டமும் சட்டகமும் ஏற்கெனவே இருக்கின்றன. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் தேசிய, மாநில, மாவட்ட அளவில் ஆணையங்களை உருவாக்கியது. மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரே தலைவர். 2027ஆம் ஆண்டு இறுதிக்குள் உலகில் எல்லோருக்கும் முன்னெச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2022இல் அறிவித்த முயற்சி, நான்கு தூண்களைக் குறிப்பிடுகிறது: ஆபத்தை அறிதல், கண்காணித்து முன்கணித்தல், எச்சரிக்கையைக் கொண்டு சேர்த்தல், அதன்படி செயல்படும் ஆயத்தம். இவை நான்கும் பெருக்கல் கணக்கில் வருபவை. ஒன்று சுழியானால் விடையும் சுழியே.

ஆபத்துகளை அவகாசத்தால் பிரித்தல்

புயல், வெள்ளம், நிலச்சரிவு, வெப்ப அலை, ஆழிப்பேரலை என்று ஆபத்துகளைப் பெயரால் பட்டியலிடுவது எளிது. திட்டத்துக்கு வேண்டியதோ, ஒவ்வொன்றும் நமக்கு எவ்வளவு அவகாசம் தருகிறது என்ற பட்டியல். சேலம் மாவட்டத்துக்குள்ளேயே மூன்று வகை அவகாசங்கள் உண்டு. காவிரியில் வரும் வெள்ளத்தைத் தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. அது ஒகேனக்கல்லைக் கடந்து, 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைக்கு வருகிறது. 120 அடி உயரத்துக்கு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) நீரைத் தேக்கும் அந்த அணை நிரம்பும் தறுவாயில், 16 கண் மதகு வழியாக உபரிநீர் திறக்கப்படுவதற்கு முன்பே கரையோர மக்களுக்கு அறிவிப்பு போய்விடுகிறது. நீர் வரும் பாதை ஒன்று, அளக்கும் இடம் தெரிந்தது, மதகைத் திறப்பவரே எச்சரிக்கையும் விடுக்கிறார் என்பதால், எச்சரிக்கைகளில் இதுவே எளிமையானது.

திருமணிமுத்தாறு அப்படியல்ல. சேர்வராயன் மலையில் கொட்டும் மழை, இடையில் தடுத்து நிறுத்தும் பெரிய அணை எதுவும் இல்லாமல், சில மணி நேரத்திலேயே இந்த ஆற்றின் வழியே சேலம் மாநகருக்குள் வந்துவிடுகிறது. மலையடிவாரத்தில் உள்ள கன்னங்குறிச்சியில் என் வீட்டு மொட்டைமாடியில் உள்ள மழைமானியில் ஒரு சொட்டும் விழாத மாலைகளில்கூட, மலைமேல் நல்ல மழை பெய்திருப்பதை மூக்கனேரிக்கு வந்து சேரும் செம்மண் நீரைப் பார்த்தே அறிந்திருக்கிறேன். மூன்றாவது வகை, மலைச்சரிவே பெயர்ந்து வருவது. அதற்கு நீர்மட்டம் காட்டும் அளவுகோல் கிடையாது. பெய்யும் மழைதான் நமக்குக் கிடைக்கும் ஒரே முக்கியமான தடயம்.

இந்தியாவில் மழைக்கும் புயலுக்கும் வானிலை ஆய்வுத் துறை, ஆற்று வெள்ளத்துக்கு நீர்வள ஆணையம், நிலச்சரிவுக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, ஆழிப்பேரலைக்கு 2007 முதல் ஐதராபாத்தில் இயங்கும் எச்சரிக்கை மையம் என்று பொறுப்பு பிரிந்து கிடப்பது தவறு அல்ல. ஒவ்வொன்றும் தனி அறிவியல். ஆனால் அவற்றின் வாய்வழி வரும் செய்திகள் மக்களிடம் வரும்போது ஒரே வடிவில், ஒரே வாயிலிருந்து வர வேண்டும். தேசியத் திட்டத்தின் உண்மையான வேலை அதுதான்.

பிரிவுகளுக்கு இடையே விழும் ஆபத்தையும் கவனிக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலுக்காக எல்லோருடைய கண்ணும் கடற்கரையில்தான் இருந்தது. அடுத்த இரண்டு நாட்களில் உள்மாவட்டமான கிருஷ்ணகிரியின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையும், ஏற்காட்டில் 20 செ.மீ.க்கு மேற்பட்ட மழையும் பெய்தன. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது. திருவண்ணாமலையில் மண்சரிவு ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. புயல் கரையைக் கடந்ததோடு எச்சரிக்கை முடிந்துவிடுவதில்லை. அதன் பொறுப்பு எந்த மணி நேரத்தில் உள்மாவட்டங்களின் கட்டுப்பாட்டு அறைகளுக்குக் கை மாறுகிறது என்பதைத் திட்டத்தில் பெயர் குறிப்பிட்டு எழுதி வைக்க வேண்டும்.

நேரக் கணக்கு

இனி கடைசி வீட்டுக்கு வருவோம். சரிவின் கீழே நாற்பது வீடுகள் உள்ள ஒரு மலைக் கிராமத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மழைமானியின் அளவு கட்டுப்பாட்டு அறைத் திரைக்கு வர 15 நிமிடம். பணியில் இருப்பவர் மேலதிகாரியிடம் கேட்டு முடிவெடுக்க 30 நிமிடம். செய்தி ஊருக்கு வந்து சேர 20 நிமிடம். வீடு வீடாகக் கதவைத் தட்ட 40 நிமிடம். முதியோரோடும் குழந்தைகளோடும் இருட்டில் பள்ளிக்கூடம் வரை நடக்க 45 நிமிடம். மொத்தம் 150 நிமிடம். மழை ஆபத்தான அளவைத் தொட்டதற்கும் மண் பெயர்வதற்கும் இடையே இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், அரை மணி நேரம் கடனாகி நிற்கிறது. விலை உயர்ந்த கருவி வாங்கினால் இந்தக் கடன் அடையாது. கருவி மிச்சப்படுத்தித் தருவது முதல் 15 நிமிடத்தில் ஒரு பகுதியை மட்டுமே. மிச்சப்படுத்த முடிந்த பெரிய தொகை, முடிவெடுக்கும் 30 நிமிடத்திலும் கதவு தட்டும் 40 நிமிடத்திலும் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு ஆபத்துப் பகுதிக்கும் இத்தகைய கணக்கை, ஊர் மக்களோடு நடந்தே போய்ப் பார்த்து, எழுத வேண்டும். மேசையில் அமர்ந்து எழுதும் கணக்கில் நடை நேரம் எப்போதும் பாதியாகவே வரும். கணக்கு இடிக்கும் இடங்களில், மழை அளவை எட்டிய பிறகு எச்சரிப்பதை விட்டுவிட்டு, முன்னறிவிப்பின் அடிப்படையில் பொழுது சாயும் முன்பே மக்களை இடம் மாற்றுவது ஒன்றே வழி.

எந்த அளவில் எச்சரிப்பது?

வானிலைத் துறையின் வகைப்பாட்டில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிக கனமழை, 204.5 மி.மீ. முதல் அதி கனமழை. நாள் கணக்கில் அமைந்த இந்த எல்லைகள் மாவட்டத்தை விழிப்பாக வைக்கப் போதும். சரிவைப் பற்றிய முடிவுக்குப் போதாது. 100 மி.மீ. மழை ஒரு நாள் முழுவதும் தூறலாக விழுவதற்கும், இரண்டு மணி நேரத்தில் கொட்டுவதற்கும் மலை ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. நெல்சன் கெய்ன் என்ற ஆய்வாளர் 1980இல், உலகின் பல இடங்களில் நடந்த சரிவுகளை வைத்து, மழையின் வேகத்தையும் நீடித்த நேரத்தையும் இணைக்கும் ஒரு கீழ் எல்லையை வகுத்தார். அதன்படி மூன்று மணி நேரத்தில் சுமார் 29 மி.மீ., 24 மணி நேரத்தில் சுமார் 103 மி.மீ. பெய்தாலே சரிவு நிகழக்கூடும். அதை அப்படியே ஏற்காட்டில் வைத்தால் பருவமழைக் காலத்தில் அடிக்கடி சங்கு ஊத வேண்டியிருக்கும். நான்காவது முறை யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். உலகத்துக்குப் பொதுவான அந்தக் கீழ் எல்லையைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு, மலைப்பாதையில் கடந்த ஆண்டுகளில் மண் விழுந்த நாட்களையும், அந்த நாட்களின் மணிவாரி மழையையும், அதற்கு முந்தைய நாட்களில் மண் எவ்வளவு ஊறியிருந்தது என்பதையும் ஒப்பிட்டு உள்ளூர் எல்லையைக் கண்டறிய வேண்டும். நெடுஞ்சாலைத் துறையின் மண் அகற்றும் பதிவுகளும் தோட்டங்களின் பழைய மழைக் குறிப்பேடுகளும் இதற்குப் பொன் போன்றவை. புவியியல் ஆய்வுத் துறை இத்தகைய முன்னறிவிப்பைத் தொடக்கத்தில் டார்ஜிலிங், கலிம்போங், நீலகிரி ஆகிய இடங்களில் சோதித்துப் பார்த்து, 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய மையத்தைத் தொடங்கியது. மற்ற மலைகள் தங்கள் முறை வரும்வரை காத்திராமல் பதிவுகளைத் திரட்டத் தொடங்கலாம்.

கருவிகள்

மழைமானிகளை அடிவாரத்தில் குவித்துப் பயனில்லை. சரிவின் தலைப்பகுதியில் வைக்க வேண்டும். தானியங்கி மழைமானியின் உள்ளே, ஊஞ்சல் போல் மாறி மாறிச் சாயும் இரண்டு சிறு கிண்ணங்கள் இருக்கும். ஒவ்வொரு சாய்வும் ஓர் எண்ணிக்கை. அதன் புனல் வாயில் ஒரு சில்வர் ஓக் இலை ஒட்டிக்கொண்டாலோ சிலந்தி வலை பின்னினாலோ போதும், ஊரே நனையும் இரவில் கருவி சுழியைக் காட்டும். கட்டுப்பாட்டு அறைத் திரையில் 'மழை இல்லை' என்பதும் 'தகவல் இல்லை' என்பதும் வெவ்வேறு நிறத்தில் தெரிய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பக்கத்துக் கருவிகள் எல்லாம் மழை காட்டும்போது ஒன்று மட்டும் சுழி காட்டினால் அதைச் சந்தேகிக்கும் ஏற்பாடும் வேண்டும். வாரம் ஒருமுறை புனலைத் துடைப்பவருக்கு உரிய ஊதியம் கருவியின் விலையோடு சேர்ந்தே திட்டமிடப்பட வேண்டும்.

ரேடார் விஷயத்தில் தூரம் முக்கியம். பூமியின் வளைவால், காரைக்காலில் உள்ள ரேடாரின் தாழ்ந்த கற்றைகூட ஏறத்தாழ 200 கி.மீ. தள்ளியுள்ள சேலத்துக்கு மேலே கிட்டத்தட்ட 4 கி.மீ. உயரத்தில் போகிறது, அதற்குக் கீழே மலையில் மோதி உருவாகும் மழை அதன் கண்ணில் படாமல் போகலாம். ஏற்காட்டில் ரேடார் அமைக்கும் திட்டத்தை மாநில அரசு அறிவித்ததன் பொருத்தம் இதில்தான் இருக்கிறது.

அதிகாரமும் வாசகமும்

முடிவெடுக்கும் 30 நிமிடத்தைக் குறைக்க ஒரே வழி, அதிகாரத்தை மழைக்கு முன்பே பகிர்ந்து கொடுப்பது. இன்ன அளவைத் தொட்டால் பணியில் இருப்பவர் யாரிடமும் கேட்காமல் எச்சரிக்கை விடுக்கலாம். இன்ன அளவில் அடிவாரத்தில் வாகனங்களை நிறுத்தலாம். அது பொய்த்துப்போனால் அவர்மேல் நடவடிக்கை கிடையாது. இந்தக் கடைசி வரியை எழுத எந்த அலுவலகமும் தயங்கும். அதை எழுதாத திட்டத்தில் முதல் இரண்டு வரிகளும் பயன்படாது.

'ஓரிரு இடங்களில் கன முதல் மிக கனமழை பெய்யக்கூடும்' என்பது வானிலையாளருக்குப் பொருளுள்ள வாசகம். காபித் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருப்பவர் அதைக் கேட்டு என்ன செய்வார்? செய்தியில் யார், எங்கே, எப்போது, எதுவரை என்ற நான்கும் இருக்க வேண்டும்: 'இது மாவட்ட நிர்வாகத்தின் எச்சரிக்கை. ஓடைக்கரையிலும் சரிவின் கீழும் வசிப்பவர்கள் இன்று மாலை 6 மணிக்குள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடவும். நாளை காலை 8 மணிக்கு அடுத்த அறிவிப்பு வரும். அதுவரை, மழை விட்டாலும், வீடு திரும்ப வேண்டாம்.' மழை நின்ற பிறகும் ஊறிய மண் சரியும் என்பதால் இறுதி வாக்கியம் கட்டாயம்.

இச்செய்தி கைபேசிக் கோபுரம் வழியாக அப்பகுதியில் இருக்கும் எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் போகும் ஏற்பாடு, கோடை விழாவுக்கு வந்த வெளியூர்க்காரருக்கும் எட்டும் என்பதால் சிறந்தது. ஆனால் மின்சாரம் போய், கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்த பிறகு அது ஊமை. தண்டோரா போடும் வழக்கம் வேண்டாம் என்று 2022இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியது சரியே. வாகன ஒலிபெருக்கி அந்த இடத்துக்கு வந்தது. மண் விழுந்து பாதை அடைபட்டால் வாகனம் ஏறாது. கோயிலிலும் தேவாலயத்திலும் உள்ள மைக்செட்டுக்கு ஒரு தனி பேட்டரியும், ஊர்க்கவுண்டர், தோட்டத்துக் கங்காணி, ஆசிரியர் ஆகியோருக்குப் பத்து வீட்டுக்கு ஒருவர் என்ற பொறுப்பும் கொடுத்தால், கதவு தட்டும் 40 நிமிடம் பத்தாகக் குறையும்.

கூலியை மறந்துவிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழையும் காபிப் பழம் பறிக்கும் காலமும் ஏற்காட்டில் ஒன்றோடொன்று மோதுகின்றன. எச்சரிக்கையை நம்பி ஊரைவிட்டு இறங்கியவருக்கு அன்றைய கூலி போய்விட்டால், அடுத்த முறை அவர் சரிவின் கீழேயே இருந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. இடம் மாற்றும் நாட்களுக்கு இழப்பீடு என்ற தலைப்பில் ஒரு சிறு நிதியை மாவட்ட அளவிலேயே ஒதுக்க வேண்டும்.

ஒத்திகையை ஆண்டுக்கு ஒருமுறையாவது இரவில், முடிந்தால் மழையில், நடத்துங்கள். கட்டுப்பாட்டு அறையில் அளவு தெரிந்த நேரம், முடிவெடுத்த நேரம், ஊரில் செய்தி கேட்ட நேரம், கடைசிக் குடும்பம் வந்து சேர்ந்த நேரம் ஆகியவற்றை எழுதி, முன்பு போட்ட 150 நிமிடக் கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். அந்த இரவில் பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம் இருந்தது, அவர் மலைமேல் இருந்தாரா, சேலத்தில் இருந்தாரா என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.