ஸ்டவுட் சுவையில் இஞ்சி பியர்: மலையகக் கடைகளில் கிடைப்பதை வைத்து

ஸ்டவுட் எனும் கறுப்புப் பியரின் செய்முறை எதை எடுத்தாலும் வறுத்த பார்லி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, கறுப்பு வெல்லப்பாகு, தனி ரக ஈஸ்ட் என்று பட்டியல் நீளும். ஹட்டன் டவுனிலோ பண்டாரவளைச் சந்தையிலோ அதில் பாதி கிடைக்காது. ஆனால், ஒரு பொருளுக்கு மாற்று தேடுமுன் அது அந்தப் பானத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று கேட்டுக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் மதுபானம் தயாரிப்பது சட்டப்படி குற்றம். அதனால் இங்கே ஸ்டவுட்டின் நிறத்தையும் கருகல் மணத்தையும் மட்டும் எடுத்து, இஞ்சி பியரில் சேர்க்கப் போகிறோம். ஈஸ்ட்டை ஒன்று முதல் மூன்று நாள் மட்டும் வேலை செய்யவிட்டு பிரிட்ஜில் வைத்துவிடுவோம். அப்போதும் துளி அளவு மது இருக்கும். பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்றாலும், மது அறவே வேண்டாம் என்றாலும், ஈஸ்ட்டை விட்டுவிட்டு தண்ணீரைப் பாதியாகக் குறைத்துக் கெட்டியாகக் காய்ச்சி, குடிக்கும்போது சோடா கலந்துகொள்ளுங்கள். அதுவும் நன்றாகவே இருக்கும்.

இரண்டு லீட்டருக்குத் தேவையானவை: பலசரக்குக் கடைப் பார்லி 50 கிராம், இஞ்சி 100 கிராம், கித்துள் கருப்பட்டி 150 கிராம், சீனி 50 கிராம், தேசிக்காய் 2, தேயிலைத் தூள் 2 தேக்கரண்டி, பாண் சுடும் ஈஸ்ட் கால் தேக்கரண்டியில் பாதி.

பார்லி வறுப்பது

ஸ்டவுட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். பார்லியைக் கழுவ வேண்டாம். அடி கனமான இரும்புச் சட்டியில், சிறு தீயில், கை விடாமல் கிளறுங்கள். முதலில் பொன்னிறமாகும், பொரியரிசி மணம் வரும். அது போதாது. அப்புறம் பழுப்பாகி பாண் தோலின் மணம் வரும். அதுவும் போதாது. வறுத்த கோப்பிக்கொட்டையின் நிறத்துக்கு வந்து, நாக்கில் வைத்தால் இனிப்பில்லாத கோப்பி போலக் கசக்கும்போது இறக்குங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகலாம். இறக்கியதும் தட்டில் பரப்பிவிடுங்கள், சட்டிச் சூட்டில் அது இன்னும் கருகிக்கொண்டே போகும். கண்ணைக் கரிக்கும் புகை வந்துவிட்டால் கரிச்சுவைதான் மிஞ்சும். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக வறுப்பதே நல்லது.

1817இல் டேனியல் வீலர் என்பவர் லண்டனில் முளைத்தானியத்தைக் கருகாமல் கறுப்பாக வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்டவுட்டும் அதன் உறவான போர்ட்டர் பியரும் இன்றைய கறுப்பு நிறத்துக்கு வந்ததில் அந்த உருளைக்குப் பெரிய பங்குண்டு. நம் இரும்புச் சட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஊறவைத்துக் காய்ச்சுவது

வறுத்த பார்லியை ஒன்றிரண்டாக இடித்து, கொதித்துச் சற்று ஆறிய அரை லீட்டர் நீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். பார்லியைப் போட்டுக் கொதிக்க வைத்தால் மாச்சத்து இறங்கி கஞ்சியாகிவிடும். கருஞ்சிவப்பான வடிநீர் மட்டும் போதும்.

இன்னொரு பாத்திரத்தில் ஒன்றரை லீட்டர் நீரில் தட்டிய இஞ்சியைப் போட்டுப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். அங்கிருப்பவர்கள் இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள்.

கறுப்பு வெல்லப்பாகின் வேலையைக் கித்துள் கருப்பட்டி செய்யும். நல்ல கித்துளில் இலேசான புகைமணம் இருக்கும். வெறும் இனிப்பு மட்டும் தெரிந்தால் சீனி கலந்த சரக்கு என்று வையுங்கள். கருப்பட்டியையும் சீனியையும் இஞ்சி நீரில் கரைத்து அடுப்பை அணையுங்கள்.

ஹாப்ஸுக்கு இரண்டு வேலை: கசப்புத் தருவது, பானம் கெடாமல் காப்பது. கசப்பைப் பார்லியே தந்துவிடும். ஹாப்ஸ் இல்லாததால் குறையும், நாக்கை இழுக்கும் தன்மைக்குத் தேயிலைத் தூளைச் சூட்டோடு போட்டு, ஐந்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். அதற்கு மேல் துவர்ப்பு மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். கெடாமல் காக்கும் வேலைக்கு மட்டும் நம்மிடம் மாற்று இல்லை. அதனால் பிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் குடித்துவிட வேண்டும்.

போத்தலில் அடைப்பது

பார்லி வடிநீரைச் சேர்த்து, கையில் தொட்டால் வெதுவெதுப்பாகத் தெரியும்வரை ஆறவிடுங்கள். சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும். தேசிக்காய்ச் சாறும் ஈஸ்ட்டும் கலந்து, சுத்தமாகக் கழுவிய பிளாஸ்டிக் சோடா போத்தல்களில் இரண்டு அங்குலம் இடம்விட்டு ஊற்றி இறுக்கி மூடுங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம். உள்ளே அழுத்தம் ஏறுவது வெளியே தெரியாது, வெடித்தால் கண் போய்விடும்.

எத்தனை நாள் என்பது நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. கண்டிச் சூட்டுக்கு ஒருநாள் போதும். நுவரெலியாக் குளிரில் ஈஸ்ட் சோம்பிக் கிடக்கும், அடுப்பங்கரையில் வைத்தாலும் இரண்டு மூன்று நாளாகலாம். நாளைக் கணக்குப் பார்க்காமல் காலையும் மாலையும் போத்தலை அமுக்கிப் பாருங்கள். கடையில் வாங்கிய திறக்காத சோடா போல விறைப்பாகிவிட்டால் உடனே பிரிட்ஜுக்கு மாற்றுங்கள்.

ஒருநாள் நன்றாகக் குளிரட்டும். அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும், குலுக்காமல் மூடியை மெல்ல மெல்லத் திறந்து ஊற்றுங்கள். ஸ்டவுட்டின் தடித்த நுரையை எதிர்பார்க்க வேண்டாம், இது சற்று நேரத்தில் அடங்கிவிடும். கசப்புப் போதவில்லை என்றால் அடுத்த முறை பார்லியைக் கூட்டுங்கள், தேயிலையைக் கூட்டாதீர்கள்.