ஏற்றிய படத்தை அவரவரே அழிக்க

தோவாளை பூ வியாபாரிகள் சரக்குப் படம் ஏற்றும், பிஎச்பி மொழியில் எழுதிய தளம். அழிக்கும் பொத்தான் கோப்பின் பெயரையே சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பெயருக்கு முன்னால் ‘../’ (ஒரு ஃபோல்டர் மேலே போ என்று பொருள்) ஒட்டி அனுப்பினால், அப்லோட் ஃபோல்டரைத் தாண்டி தளத்தின் அமைப்புகள் உள்ள கான்ஃபிக் கோப்புகூட காலியாகலாம்.

இப்போது பிரவுசரிலிருந்து வருவது படத்தின் எண் மட்டும். கேட்பவர் யார் என்பதை செஷன் (உள்நுழைந்தவரைப் பற்றி சர்வர் வைத்திருக்கும் பதிவு) சொல்லும். எண்ணும் உரிமையாளரும் டேட்டாபேஸில் ஒரே வரிசையில் பொருந்தாவிட்டால் 404, அதாவது ‘அப்படி எதுவும் இல்லை’ என்ற பதில். (‘அனுமதியில்லை’ என்ற 403 கொடுத்தால் அப்படியொரு படம் இருப்பது வெளியே தெரிந்துவிடும்.) டிஸ்கில் சர்வர் உருவாக்கிய பெயர்தான், ‘பிச்சி.ஜேபிஜி’ என்று வியாபாரி வைத்த பெயரெல்லாம் திரையில் காட்ட மட்டும்.

அழிக்கும் கோரிக்கை போஸ்ட் முறையில் (படிவம் அனுப்பும் முறை), சிஎஸ்ஆர்எஃப் டோக்கனோடு (வேறு தளம் பயனர் பெயரில் அனுப்பும் போலிக் கோரிக்கையைத் தடுக்கும் ரகசியக் குறி) வர வேண்டும். வெறும் லிங்காக விட்டால், பக்கங்களை முன்கூட்டியே இழுக்கும் பிரவுசர் நீட்சி ஒன்றே படங்களைத் துடைத்துவிடும்.

டேட்டாபேஸில் முதலில் ‘நீக்கப்பட்டது’ என்று குறி; கோப்பை இரவில் கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) அழிக்கும், தவறினால் மறுநாள் திரும்ப முயலும். படத்தின் சிறு பிரதியான தம்ப்நெயிலையும் சேர்த்து அழிக்கச் சொல்லுங்கள், பலரும் விடுவது அதைத்தான்.