கடிவாளம்: பொருளிலும் பிறப்பிலும் நேரும் பிழைகள்

"கடிவாளம் கட்டிய குதிரையைப் போல நேராக மட்டுமே பார்க்கிறார்" என்று மேடையிலும் கட்டுரையிலும் அடிக்கடி சொல்கிறோம். சொல்பவர் மனத்தில் இருப்பது குதிரையின் கண்ணோரத்தில் கட்டும் தோல் மறைப்பு; வாயிலிருந்து வருவதோ குதிரையின் வாயில் மாட்டும் இரும்பின் பெயர். குதிரையின் கண்கள் தலையின் இருபக்கமும் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலேயே ஏறத்தாழ 350 பாகை அளவுக்கு அதனால் பார்க்க முடியும். வண்டியில் பூட்டிய குதிரை பின்னால் சுழலும் சக்கரத்தையும் பக்கத்தில் விரையும் வாகனத்தையும் கண்டு மிரளாமல் இருக்கவே கண்பட்டை கட்டப்படுகிறது. கடிவாளம் பார்வையை மறைப்பதில்லை. ஆகவே குறுகிய பார்வைக்குக் கண்பட்டையையும், அடக்கி ஆள்வதற்குக் கடிவாளத்தையும் உவமையாக்குவதே பொருந்தும். விலைவாசிக்குக் கடிவாளம் போடுவது என்னும் வழக்கில் பிழை ஏதும் இல்லை.

வாயிலுள்ள இரும்பையும் கையிலுள்ள வாரையும் சேர்த்தே கடிவாளம் என்பது பேச்சு வழக்கில் ஊறிவிட்டது. அதைப் பிழையென்று நான் சொல்லமாட்டேன். முதுகில் பூட்டும் சேணத்தை அப்பெயரால் எழுதுவதுதான் தவறு.

"கடி" என்று இருப்பதால் குதிரை அந்த இரும்பைப் பல்லால் கடித்துக்கொண்டே ஓடுகிறது என்று கருதுவது இன்னொரு பிழை. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஈறு உண்டு. இரும்பு அங்கேதான், நாக்கின்மேல் படிந்து கிடக்கிறது. வாரை இழுக்கும்போது நாக்கும் ஈறும் அழுத்தத்தை உணர்வதால்தான் குதிரை பணிகிறது. ஒருவேளை அது உண்மையாகவே இரும்பைக் கடைவாயில் கவ்விக்கொண்டால், ஓட்டுபவர் பாடு திண்டாட்டம்தான்.

சொல்லைக் கடி, வாள் என்று பிரித்து, வாள்போன்ற இரும்பு என விளக்கம் சொல்வோரும் உண்டு. கன்னடத்தில் இது கடிவாண, மலையாளத்தில் கடிஞ்ஞாண். மலையாளச் சொல்லின் பின்பாதியில் கயிற்றைக் குறிக்கும் நாண் தெளிவாகவே தெரிகிறது. அண்டை மொழிகளின் இவ்வடிவங்களைப் பார்க்காமல், ஓசையொப்புமை ஒன்றையே நம்பி வாளை உருவுவது அவசரம்.

கடிவாளத்துக்குக் கலினம் என்றொரு பழஞ்சொல்லும் உண்டு. இதைக் கலி என்னும் தமிழ்ச்சொல்லோடு இணைத்து, செருக்குடைய குதிரையைக் குறிக்கும் கலிமாவின் உறவாகக் காட்டுவது எளிது, ஆனால் தவறு. கிரேக்கர் கடிவாளத்தைக் காலினோஸ் என்றார்கள். அது வடமொழியில் கலின என்றாகி, அங்கிருந்து தமிழுக்கு வந்தது. பட்டினப்பாலை பாடிய காலத்திலேயே குதிரைகள் கடல்வழியே நம் துறைகளில் வந்திறங்கின என்பதை எண்ணினால், குதிரைப்பூட்டின் பெயர்களில் வெளிநாட்டுச் சரக்கு கலந்திருப்பதில் வியப்பில்லை.

அந்த வரிசையில் பிந்தி வந்தது லகான். பாரசீகத்தின் லகாம் உருதுவின் வழியாக நம்மிடம் வந்து, ஈற்று மகரம் னகரமாகி லகான் ஆயிற்று. 2001இல் வெளிவந்த லகான் என்னும் இந்திப் படத்தின் தலைப்புக்கும் இதே பொருள் என்று தமிழர் பலர் நினைக்கிறோம். இந்தியில் கடிவாளம் இன்றும் லகாம்தான். படத்தின் தலைப்பிலுள்ள லகான் நிலவரியைக் குறிக்கும் வேறு சொல்.