அடல்ட், அடோலசென்ட்: ஒரே வேர், இரண்டு காலம்

'அடல்ட்' என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது சினிமாத் தணிக்கைச் சான்றிதழின் 'ஏ' எழுத்துதான். அதனாலேயே அந்தச் சொல்லைப் பிள்ளைகள் முன் சொல்லவே சிலர் கூச்சப்படுகிறார்கள். ஆனால் அதன் பொருள் 'வளர்ந்தவர்', அவ்வளவுதான்.

லத்தீனில் 'அடோலெஸ்கெரே' என்றால் வளர்தல். அதன் நிகழ்கால எச்சத்திலிருந்து வந்தது அடோலசென்ட்: வளர்ந்துகொண்டிருப்பவர். இறந்தகால எச்சத்திலிருந்து வந்தது அடல்ட்: வளர்ந்துவிட்டவர். வளர்கின்ற, வளர்ந்த என்று பள்ளியில் பெயரெச்சம் படித்தோமே, அதே உறவுதான். அடோலசென்ஸைத் தமிழில் 'வளரிளம் பருவம்' என்பது எனக்கு மிகவும் பிடிக்கும். மூலச்சொல்லின் உயிர் அதில் அப்படியே இருக்கிறது.

இங்கே பலர் செய்யும் பெரிய தவறு, திருமணத்தை மீறிய உறவைக் குறிக்கும் 'அடல்டரி' என்ற சொல் அடல்ட்டிலிருந்து பிறந்தது என்று நினைப்பது. பெரியவர்கள் செய்வதால் அந்தப் பெயர் என்று விளக்கம்கூடச் சொல்வார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அடல்டரியின் மூலம் 'அடுல்டெராரே', அதாவது கெடுத்தல், தூய்மை குலைத்தல். அதன் உண்மையான உடன்பிறப்பு 'அடல்டரேஷன்': பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை என்று நாம் திட்டும் அதே கலப்படம். எழுத்து ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு சொன்னால் இப்படித்தான் ஏமாறுவோம்.

ஸ்பானிய மொழியிலும் இதே வகைக் குழப்பம் உண்டு. அங்கே 'அடோலெசெர்' என்றால் நோயுறுதல், குறைபட்டிருத்தல். அதை வைத்து வளரிளம் பருவமே 'குறையுள்ள பருவம்' என்று சிலர் விளக்குகிறார்கள். ஆனால் 'அடோலெசெர்' வலியைக் குறிக்கும் வேறு வேரிலிருந்து வந்தது. பதின்வயதுப் பிள்ளைகளைக் குறைப்பிறவிகள்போலப் பேச இது ஒரு சாக்காகிவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம் வயதுக் கணக்கு. டீனேஜ் என்பது 13 முதல் 19 வரை, ஆங்கில எண்களின் கடைசியில் 'டீன்' வருவதால். அடோலசென்ஸ் அப்படியல்ல. உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வரை என்கிறது. பழைய ரோமில் எல்லை இன்னும் தாராளம். கி.மு. 63இல் சிசரோ ஆட்சித் தலைவராக இருந்தபோது அவருக்கு 43 வயது. பிற்காலத்தில் அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது, 'அடுலெஸ்கென்ஸ்' (அடோலசென்ட்டின் லத்தீன் வடிவம்) ஆக இருந்து நாட்டைக் காத்தேன் என்றார். லத்தீன் நூல்களில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் மீசை அரும்பும் பையனைக் கற்பனை செய்துவிடக் கூடாது.

இந்த வேருக்கும் அடியில் இருப்பது 'அலெரே', உணவூட்டி வளர்த்தல். முன்னாள் மாணவர்களைக் குறிக்கும் 'அலும்னி' அங்கிருந்து வந்ததுதான். அது பன்மை, ஆகவே "நான் இந்தக் கல்லூரியின் அலும்னி" என்பது பிழை. ஆண் என்றால் அலும்னஸ், பெண் என்றால் அலும்னா. பொருள், ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை. படித்த இடத்தை 'ஆல்மா மேட்டர்' என்கிறார்களே, அந்த ஆல்மாவும் இதே வேர்தான்: ஊட்டும் தாய்.